வரவேற்பு மேசைக்கு ஏற்ற இடுப்பு

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் பாப்பாவும் மாப்பிள்ளையும் நலமா என்று இந்த முறை பேச்சுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறேன். போனில் கேட்டால் ஒண்ணுமில்லப்பா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாய் என்று மாப்பிள்ளை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சோறு, ரொட்டி, கிழங்கு, பழம் எதையும் தொடாமல் முட்டையும் கறியும் கீரையுமாக ஓட்டுகிறாயாமே. பால் கொடுக்கிற நேரத்தில் இது சரியா தப்பா என்று கண்டவரிடமெல்லாம் கேட்டுவிட்டேன், கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடுகிறது.

நான் பேக்கரியில் மாவு பிசைகிறவன், அதற்கு மேல் என்ன தெரியும். உனக்குச் சர்க்கரைதான் ஆகாது என்று நினைத்து, முதலாளியிடம் சொல்லி, சர்க்கரையே போடாமல் ரஸ்க் சுட்டு ஒரு பெட்டி அனுப்பினேன். அது முழுக்க மாவு என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நீயும் என் மனசு நோகாமல் நன்றி சொன்னாய். அத்தனையையும் மாப்பிள்ளை ஒருவரே தின்று தீர்த்து, இப்போது அவருக்குத்தான் பேன்ட் பொத்தான் எட்டவில்லையாம். கடைக்கு வரும் லாரி டிரைவர், தானும் மாவை விட்டுவிட்டதாகவும் குதிரை மாதிரி இருப்பதாகவும் சொன்னார். வீட்டில் வந்து சொன்னேன், அவரு யாருக்குப் பால் குடுக்குறாரு என்று அம்மா ஒரே கேள்வியில் வாயை அடைத்தாள். அவள் காட்டிய வீடியோவில் வயிறு ஒட்டிய ஒரு பெண், பிள்ளை பெற்றும் இப்படி ஆகலாம் என்று அரைமணி நேரம் பேசிவிட்டுக் கடைசியில் உடம்பு இளைக்கக் குடிக்கிற பவுடர் டப்பாவை விலைக்கு நீட்டினாள். கிளினிக் நர்ஸ், கொஞ்சம் குறைப்பது வேறு, அடியோடு நிறுத்துவது வேறு, பால் கொடுக்கிறவளுக்கு அது ஆபத்தாகக்கூட முடியலாம், வாந்தியோ மூச்சிரைப்போ வந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள் என்றார். கண் இருட்டுவது அதில் சேருமா என்று கேட்க மறந்துவிட்டேன். மறுநாள் ஓடினால் அவருக்கு விடுமுறை.

நேற்றுதான் அம்மா மாப்பிள்ளையைக் குடைந்து விஷயத்தைக் கறந்தாள். பிரசவ விடுப்பு முடிந்து ஓட்டலுக்குப் போகும்போது பழைய யூனிஃபார்மிலேயே வந்து நிற்க வேண்டுமாம், பெரிய அளவு தரமாட்டார்களாம், பாவாடை ஏறாவிட்டால் வரவேற்பு மேசை போய்ப் பின்கட்டில் துணி துவைக்கிற வேலையாம். வந்து தங்குகிறவனுக்குச் சாவி எடுத்துக் கொடுக்க இடுப்பு எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை. அங்கே இருக்கும் மேனேஜருக்குத் தொந்தி இல்லையா? அவரை யாராவது டேப் வைத்து அளந்தார்களா? நீ பட்டினி கிடப்பதற்கு இத்தனை நாள் ஆரோக்கியம் என்று பேர் வைத்திருந்தாயே அம்மாடி. உன்னைத் திட்டவும் முடியவில்லை, அந்த வேலைக்கு நீ எவ்வளவு அலைந்தாய் என்று தெரியும். வேலையை விடு என்று சொல்லவும் வாய் வரவில்லை, சாப்பிடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவும் முடியவில்லை. எது சரி என்று தெரியாமலேதான் எழுதுகிறேன்.

கடிதம் கிடைத்ததும் டாக்டரிடம் போ, மாப்பிள்ளையும் கூட வரட்டும். என்னென்ன சாப்பிடுவதில்லை என்பதையும் கண் இருட்டியதையும் மறைக்காமல் சொல். பாப்பாவுக்கு எங்கள் முத்தம். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். மறக்காமல் அந்தப் பாவாடையைப் பார்சல் செய்து இங்கே அனுப்பு. அம்மா தையலைப் பிரித்து, பக்கத்தில் துணி வைத்து அகலமாக்கித் தருவதாகச் சொல்கிறாள். அது துணி, வெட்டினாலும் ஒட்டினாலும் பேசாமல் கிடக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா