உங்கள் மகள் கல்யாணத்துப் பை

அண்ணே,

இன்று காலை வார்டுக்குப் பின்னால் துணி காயும் கொடியில் உங்கள் மகள் கல்யாணத்துத் தாம்பூலப் பை தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை பெயர் ஏறக்குறைய அழிந்துவிட்டது; மகள் பெயர் இன்னும் படிக்க வருகிறது. பார்த்திருந்தால், "எம்மக பேரு அம்புட்டு லேசுல அழியாது சிஸ்டர்" என்று மீசையைத் தடவியிருப்பீர்கள்.

நீங்கள் எங்களிடம் வந்தபோது நோயைக் குணப்படுத்தும் கட்டம் கடந்திருந்தது. முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோய் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் செய்திருந்தது. சிறுநீர் போகக் குழாய் போட்டு, கட்டிலோரம் பை மாட்டியிருந்தோம். காளவாசலில் டயர் கடை வைத்து ஊரையே அதட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு வலியைவிட அந்தப் பைதான் பெரிய பாரம். நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். திருப்பரங்குன்றத்தில் மகளுக்குத் தாலி ஏறுவதைத் தெளிந்த கண்ணோடு பார்க்க வேண்டும்.

வார்டு ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. குழாயைத் தொடும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், பை தரையில் படக்கூடாது, எந்நேரமும் இடுப்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும், மேலே தூக்கினால் பையில் இருப்பது திரும்பி உள்ளே போகும், கிருமியும் கூடவே போகும். தொண்டை வறளச் சொல்வேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆனாலும் உங்கள் சம்பந்தி வீட்டார் பார்க்க வந்த அன்று, வார்டு உதவியாளர் செல்வி பையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துப் போர்வையால் மூடிவிட்டாள். அவர்களும் சாவகாசமாகப் பேசிவிட்டுப் போனார்கள். பிறகு உங்களுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. மகளையே அடையாளம் தெரியாமல் பிதற்றினீர்கள்.

செல்வியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். காய்ச்சல் தணிந்ததும் நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"அந்தப் பிள்ளைய வையாதீக. நாந்தேன் கண்ணைக் காட்டுனேன். பொண்ணு குடுக்குறவன், சம்பந்திக்கு முன்னால மூத்திரப் பையத் தொங்கவிட்டுக்கிட்டா பேச முடியும்?"

விசாரித்தபோது தெரிந்தது, விருந்தாளி வந்தால் வார்டில் பல பைகள் போர்வைக்குள் போய்விடுகின்றன என்று. அதில் சோம்பல் இல்லை, மரியாதைதான் இருந்தது. மரியாதையைத் திட்டித் திருத்த முடியாது.

அன்று உங்கள் மகள், அச்சாகி வந்த தாம்பூலப் பைகளைக் காட்டக் கொண்டுவந்திருந்தாள். ஒன்றை வாங்கி, சிறுநீர்ப் பையை அதற்குள் இறக்கி, கட்டில் சட்டத்தில் தாழ மாட்டினேன். தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தீர்கள்.

"இப்ப யாரு வேணாலும் வரட்டும்" என்றீர்கள்.

பயிற்சியையும் மாற்றினேன். ஒருவர் நோயாளியாகப் படுக்க, மற்றவர்கள் சம்பந்தி வீட்டாராக வருவார்கள். செல்விதான் சம்பந்தியம்மா, என்ன மிடுக்கு! நீங்கள் உங்கள் கட்டிலில் இருந்தபடியே, "ஏத்தா, கை மேல போகுது பாரு!" என்று அதட்டுவீர்கள். என் பாடத்தைவிட அந்த அதட்டலுக்குத்தான் எல்லாரும் பயந்தார்கள்.

காய்ச்சல் திரும்பவில்லை. கல்யாணத்தன்று மண்டபத்தில் முன்வரிசையில், சக்கர நாற்காலியில், பட்டு வேட்டியோடு இருந்தீர்கள்; துணைக்கு நானும் வந்திருந்தேன். மஞ்சள் பை நாற்காலிக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கியது. சம்பந்தி குனிந்து பார்த்தார்.

"என்ன சம்பந்தி, தாலி கட்டுறதுக்கு முன்னாலயே பைய வாங்கிட்டீக?"

"பொண்ணப் பெத்தவன்ல? மொதப் பை எனக்குத்தேன்!"

இருவரும் சிரித்தீர்கள். மேளம் கொட்டியது. நான் பின்னால் நின்று அழுதேன். வேலையில் இருக்கும்போது அழுவது எனக்குப் பிடிக்காது; அன்று அடக்க முடியவில்லை.

அதற்கப்புறம் நீங்கள் அதிக நாள் இருக்கவில்லை. ஆனால் பேச்சு இருந்தவரை மகளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டீர்கள். மிச்சமிருந்த பைகளை அவள் எங்களுக்கே கொடுத்துவிட்டாள். துவைத்துத் துவைத்துப் பயன்படுத்துகிறோம்.

இன்று மதியம், காய்ந்த பையை அழகர்கோவில் பக்கத்திலிருந்து வந்திருக்கும் ஓர் அம்மாவின் கட்டிலில் மாட்டினேன். அவரைப் பார்க்க வந்த தம்பி பையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, "யாரு வீட்டுக் கல்யாணம் சிஸ்டர்?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன் மக கல்யாணம்" என்றேன்.