வாசலுக்குப் படித்த பாட்டு

மாஸ்டர்,

இன்று கட்டுகஸ்தோட்டையில் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கப் போனேன். கடைக்காரர் அதைக் கவிழ்த்து, உறுதியைக் காட்டுவதற்காக அடியில் நாலு தட்டுத் தட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன நானா, வாளியப் பாத்துச் சிரிக்கிறீங்க?" என்று, உங்களைப் போலவே அண்ணன் முறை வைத்துக் கேட்டார். சிறைச்சாலைக்குள் நீங்கள் மத்தளம் வாசித்தது வாளியில்தான் என்று அவருக்கு எப்படி விளக்குவது? நீங்கள் காலமான பிறகு, உங்களை நினைத்து நான் சிரித்தது இன்றுதான்.

உங்கள் கைத்தாளத்தை வாயிலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாதாம். நீங்கள் குளிக்கிற வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். நீங்கள் ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர். உங்களுக்குச் சிங்களம் வராது என்பதால் அதிகாரிகளுக்கும் உங்களுக்கும் நடுவில் மொழிபெயர்க்க வந்தவன் நான். அரச நிதியில் கைதிகளுக்கு ஒரு வருடம் பாட்டு வகுப்பு. அந்தப் பணத்தில் அலவத்துகொடையில் எங்கள் பாதைக் குழிகளையாவது மூடலாமே என்று உங்களிடமே சொன்னேன். "குழியும் மூடணுந்தான் நானா" என்றுவிட்டு வாளியைத் தட்டத் தொடங்கினீர்கள்.

பாட்டுப் பாடினால் கள்ளன் திருந்திவிடுவானா என்று அதிகாரி முதல் கூட்டத்திலேயே கேட்டார். "திருந்துவான்னு நான் சொல்லல. வெளிய போனா அவன் நிக்கிறதுக்கு ஒரு எடம் வேணும். அதுக்குத்தான் பாட்டு" என்றீர்கள். சிங்களத்தில் சொன்னேன், அவர் தலையசைத்தார். எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

ரவி வந்த பிறகு கொஞ்சம் விளங்கியது. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் வளர்ந்தவன். இரண்டு முறை விடுதலையாகி, இரண்டு முறையும் திரும்பி வந்தவன். "லயத்துல ஒருத்தரும் மொகம் குடுத்துப் பேசல சேர். டவுனுக்கு வந்தேன். பழைய கூட்டாளிங்கதான் சோறு போட்டாங்க" என்றான். அவனுக்கு நீங்கள் கச்சேரிப் பாட்டு எதையும் கற்றுத் தரவில்லை. அவன் தோட்டத்தில் மார்கழி பஜனையில் பாடும் பாட்டுகளையே, அங்குள்ள மெட்டிலேயே படிக்க வைத்தீர்கள். எங்கள் ஊர்க் கைதி ஒருவனுக்கு எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் பாடும் பைத்துச் சொல்லிக்கொடுக்க என்னையும் இழுத்துவிட்டீர்கள். என் குரலைக் கேட்டுப் பயந்து அவன் தானாகவே படித்துக்கொண்டான். விருந்தினர் வரும் நாளுக்கு ஒரு மேடை நிகழ்ச்சி செய்யலாமே என்று எல்லோரும் கேட்டோம். "மேடைக்கு இல்ல நானா, வாசலுக்கு" என்றீர்கள். சரியான பிடிவாதக்காரர்.

ரவி வெளியே வந்த மார்கழியில், இருட்டோடு கிளம்பி, சுபஹுத் தொழுகையை வழியில் முடித்துக்கொண்டு உங்களை என் வேனில் கலஹாவுக்குக் கூட்டிப் போனேன். பஜனைக் கூட்டம் லயத்தில் ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் நின்று பாடும். வீட்டுக்காரர் விளக்கோடு வெளியே வருவார். பாடுகிறவர்கள் வாசலில் நிற்கும்போது யாரும் கதவைச் சாத்துவதில்லை. "சரி, பின்னால நிக்கட்டும்" என்று அரைமனதோடு ரவியைச் சேர்த்துக்கொண்டார்கள். உங்களை முன்னால் நின்று அடியெடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள்.

செல்லம்மாவின் வீடு வந்தது. ரவி முன்பு தூக்கிக்கொண்டு போனது அவர் வீட்டு கேஸ் சிலிண்டரைத்தான். அந்த வாசலில் நீங்கள் பாதிப் பாட்டில் வாயை மூடிக்கொண்டீர்கள். மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். அடுத்த அடி பின்னாலிருந்து வந்தது. ரவியின் குரல். செல்லம்மா விளக்கைத் தூக்கிப் பார்த்தார். பாட்டு முடியும்வரை அசையாமல் நின்றார். பிறகு எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தார், அவனுக்கும்தான். "குடிச்சிட்டுப் போ" என்றார். வேனில் ஏறியதும் நீங்கள் அழுதீர்கள். நானும் அழுதேன்.

அடுத்த மார்கழிக்கு நீங்கள் இல்லை. நிதியைத் தொடர்வதா என்று கூட்டம் போட்டார்கள். சொல்லிக்கொடுக்க ஆளில்லாத வகுப்புக்குப் பணம் எதற்கு என்றார் அதிகாரி. நியாயமான கேள்விதான். நான் ரவியின் பெயரைச் சொன்னேன். அதிகாரி கோப்பை மூடினார். உள்ளே இருந்தவனையே ஆசிரியராக விடுவதென்றால், அவன் ஊரிலிருந்து யாராவது பொறுப்பு நிற்க வேண்டும் என்றார். யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில் சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது.

செய்தி லயத்துக்கு எட்டி, அடுத்த வாரம் செல்லம்மா கலஹா பஸ்ஸில் வந்து இறங்கினார். களவு கொடுத்தவரே எப்படிப் பொறுப்பு நிற்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். "எங்க வாசல்ல நின்னு பாடுனவன் ஐயா. இனி அவன நாங்கதானே பாத்துக்கணும்" என்றார். இத்தனை வருட மொழிபெயர்ப்பில் அன்றுதான் ஒரு வாக்கியத்தை நான் இரண்டு தடவை தொடங்கினேன்.

இன்னொரு வருடத்துக்கு நிதி கிடைத்திருக்கிறது, மாஸ்டர். போன செவ்வாய்க்கிழமை ரவியின் முதல் வகுப்பு. துணைக்கு நானும் போனேன். வாயிலில் இருந்த பழைய காவலர் அவனை அடையாளம் கண்டு, "மறுபடியும் வந்துவிட்டாயா? இந்த முறை எவ்வளவு காலம்?" என்று சிங்களத்தில் கேட்டார். ரவியும் சிங்களத்திலேயே பதில் சொன்னான். உங்களிடம் சொல்வதற்காக அதை அங்கேயே தமிழாக்கி மனதில் வைத்துக்கொண்டேன்: "பின்னேரம் வீட்டுக்குப் போயிருவேன் சேர்."