புது ஸ்கோப்பும் வெறும் குழியும்

செவ்வாய், ராத்திரி.

இன்னைக்கும் பன்னி தப்பிச்சிட்டு. பஞ்சாயத்து என்னைச் சுடச் சொன்ன காட்டுப்பன்னி. செல்வராஜ் அண்ணன் போட்ட மரச்சீனிக் கிழங்கு பூராவும் அதுக்குத்தான் தீனி. போன வாட்டி குறி தவறினப்ப துப்பாக்கியைக் குத்தம் சொல்லி, தூரத்துல உள்ளதைக் குறி பார்க்கத் துப்பாக்கி மேல மாட்டுற புது ஸ்கோப் வாங்கினேன். அதுலேயும் பன்னி மங்கலாத்தான் தெரிஞ்சுது. துணியால துடைச்சேன். அப்பவும் மங்கல். இடது கண்ணை வச்சேன், பளிச்சுனு இருந்துது. கோளாறு என் வலது கண்ணுலதான். அது புரியறதுக்குள்ள பன்னி ஓடிட்டு.

சுட்ட பன்னியைத் தின்னக் கூடாது, மண்ணெண்ணெய் ஊத்திப் புதைக்கணும்னு சட்டம். அதுக்கு அண்ணன் சாயங்காலமே குழி வெட்டி வச்சிருந்தார்.

"மூடிரட்டா தம்பி?"ன்னு கேட்டார்.

கண்ணு விஷயத்தைச் சொல்ல வாய் வரல. "கிடக்கட்டும் அண்ணே, நாளைக்கு வாறேன்"னுட்டேன்.

நாளைக்கும் இதே கண்ணுதானே.