வலது கைப்பக்கம் கடல்

சான் ஹோசே
9.6.1996, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு மாசாணி எழுதுவது.

பருப்புப்பொடி நேற்று வந்து சேர்ந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் சமையல்கட்டு முழுக்க நம் வீட்டு வாசனை. பூண்டு இந்தத் தடவை சரியான அளவு என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

"வேலை, ஊடு, வேலைன்னே எழுதறயே, அந்த அமெரிக்காவுல வேற ஒன்னுமே இல்லியா அம்மணி?" என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. இப்போதெல்லாம் சனிக்கிழமையானால் காரில் கடலுக்குப் போகிறோம். மலை ஏறி இறங்கினால் சாந்தா குரூஸ் என்று ஒரு ஊர். முக்கால் மணி நேரம்தான்.

அந்த மலைப்பாதை உங்களுக்குப் பிடிக்கும். வால்பாறை அளவுக்குக் கொண்டை ஊசி கிடையாது. ஆனால் ஒவ்வொரு வளைவும் நாம் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வளைகிறது. உச்சியிலிருந்து இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் சூடேறிவிடும். கியரைக் குறைத்து வண்டியை அதன் போக்கில் விட வேண்டும். ரோட்டுக்கு நடுவே இடுப்புயரம் சிமெண்டுச் சுவர், அதை ஒட்டித்தான் போயாக வேண்டும்.

இங்கே ஸ்டியரிங் இடது பக்கம். அவர்தான் ஓட்டினார். நான் வலது பக்கம் உட்கார்ந்து வந்தேன். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்பு மகள்
மாசாணி


பொள்ளாச்சி
28.6.1996

அன்பு மகள் மாசாணிக்கு அப்பா பாலுசாமி எழுதுவது. மாப்பிள்ளை கிருபாசங்கருக்கு என் ஆசி.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இருபத்தாறு வருஷம் வால்பாறை பஸ் ஓட்டியவனுக்கு மலைப்பாதையைப் பற்றி எழுதினால் வேறென்ன செய்வான். என்னோடு இருந்த கண்டக்டர் கோபாலசாமிக்கும் படித்துக் காட்டினேன். "உம்பட புள்ள பரவால்லியே, கியரெல்லாம் தெரியுது" என்றான். டிரைவர் ஊட்டுப் புள்ளைக்குத் தெரியாமல் இருக்குமா என்று கேட்டுப்போட்டேன்.

ஆனால் நான் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது கடலைப் பற்றி, அம்மணி. திருச்செந்தூருக்கு நாலு தடவை ஸ்பெஷல் பஸ் ஓட்டியிருக்கிறேன். எல்லாரும் இறங்கிக் குளிக்கப் போவார்கள். நான் கடைசி சீட்டில் துண்டை விரித்துப் படுத்துவிடுவேன். எழுந்தால் கிளம்புகிற நேரம். நாலு தடவையும் கடல் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பியவன் நான். அது எப்படி இருக்கிறது என்று நீதான் எழுத வேண்டும்.

உன் தங்கை லோகுவுக்குத் தாராபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். "மூத்த மாப்பிள்ளை அமெரிக்காவுங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். அதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

அப்பா


சான் ஹோசே
4.8.1996, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

லோகுவின் சம்பந்தம் கேட்டு மனசு நிறைந்தது. எப்படியாவது அதை முடித்துவிடுங்கள்.

நேற்று வேறு பாதையில் போனோம். வடக்கே ஹாஃப் மூன் பே என்ற ஊர் வரை போய், அங்கிருந்து கடலோரமாகவே தெற்கே சாந்தா குரூஸ் வரை வந்தோம். வழி நெடுக வலது கைப்பக்கம் கடல். போக ஒன்று வர ஒன்று என்று குறுகலான ரோடு. பனி இறங்கிவிட்டதால் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. பின்னால் ஒரு லாரிக்காரன் விடாமல் ஒட்டிக்கொண்டு வந்தான், கண்ணாடி நிறைய அவன் வண்டி முகப்புதான். ஒதுங்க இடம் கிடைத்ததும் ஒதுங்கி, போய்த்தொலை என்று வழி விட்டோம். திரும்பும்போது மலைமேல் நெரிசல், ஊர்ந்து ஊர்ந்து வந்தோம். வீடு வந்து சேர்ந்தபோது வலது கணுக்கால் விண்விண்ணென்று வலித்தது.

கடல் நன்றாக இருந்தது.

மாசாணி


பொள்ளாச்சி
27.8.1996

அன்பு மகளுக்கு,

"கடல் நன்றாக இருந்தது." பொள்ளாச்சி சந்தையில் மாடு நன்றாக இருந்தது என்பதுபோல எழுதியிருக்கிறாய். கோபாலசாமி சிரிக்கிறான்.

போன மாதமும் இந்த மாதமும் போனில் பேசியபோது மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தார். சித்திரையிலும் குளித்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் தண்ணீர்க் கஷ்டமே இல்லை போலிருக்கிறது. "ரெண்டு வரி எழுதினா மாப்பிள்ளைக்குக் கையா தேஞ்சுபோகும்?" என்று உன் அம்மா என்னிடம் சண்டைக்கு வருகிறாள். நான் என்ன செய்ய?

தாராபுரத்தில் கிட்டத்தட்டப் பேசி முடித்தாயிற்று. கார்த்திகையில் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துகொள்ளலாம், தையில் கல்யாணம் என்கிறார்கள். நீங்கள் இருவரும் ஜோடியாக வந்து நிற்க வேண்டும். லோகு தினமும் கேட்கிறாள்.

அப்பா


சான் ஹோசே
22.9.1996, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

தையில் எங்கள் இருவருக்கும் லீவு கிடைக்காது. கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் மட்டும் வந்து நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதற்கு வராமலே இருந்துவிடுவது நல்லது. அமெரிக்காவில் லீவு கொடுக்கவில்லை என்றால் தாராபுரத்துக்காரர்கள் நம்பிவிடுவார்கள். லோகுவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

நேற்றும் கடலுக்குப் போனோம். ஒரு திருப்பத்தில் காற்றடித்து ரோட்டில் மணல் பரவிக் கிடந்தது. பின்சக்கரம் லேசாக இழுத்தது. பிரேக்கைத் தொடாமல், இழுத்த பக்கமே கொஞ்சம் விட்டுத் திருப்பியதில் வண்டி தானாக நேராகிவிட்டது. அவர் கெட்டிக்காரர்.

இங்கே விடியற்காலையில் லேசாகக் குளிர்கிறது. உங்கள் கால்வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

மாசாணி


பொள்ளாச்சி
13.10.1996

மாசாணி,

இதை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். வால்பாறைப் பாதையில் ஒன்பதாவது வளைவு வந்தால் பஸ்ஸில் எல்லாரும் ஒரு பக்கமாக எட்டி ஆழியார் அணையைப் பார்ப்பார்கள். இருபத்தாறு வருஷம் அங்கே திருப்பியிருக்கிறேன். அணையில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று நான் கோபாலசாமியைத்தான் கேட்பேன். ஓட்டுகிறவன் பார்ப்பது ரோட்டை. மற்றதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு.

ஸ்டியரிங் இடது பக்கம் என்றாய். கடல் வலது கைப்பக்கம் என்றாய். அப்படியானால் வழி நெடுக உன் சன்னலுக்கு வெளியேதானே கண்ணு கடல்? அதற்கு ஒரே ஒரு வரி. மீதியெல்லாம் ரோடு. பின்னால் வந்த லாரி கண்ணாடி நிறைய உனக்கு எப்படித் தெரிந்தது? சும்மா உட்கார்ந்து வந்தவளுக்கு வலது கணுக்கால் எதற்கு வலிக்கிறது? எனக்கும் அங்கேதான் வலிக்கும்.

மணலில் வண்டி இழுத்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த நேரத்தில் பிரேக்கைத் தொடக்கூடாது என்று எனக்குப் புத்தி வர ஆறு வருஷம் ஆனது. நீ நன்றாக ஓட்டுகிறாய். பிளஸ் டூ முடித்தபோது "எனக்கும் ஓட்டக் கத்துக்குடுங்கப்பா" என்று கேட்டாய். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு ஸ்டியரிங்கு" என்று சொல்லிப்போட்டேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாப்பிள்ளை எங்கே, கண்ணு?

அப்பா


சான் ஹோசே
3.11.1996, ஞாயிறு

அப்பா,

அவர் பிப்ரவரியிலேயே போய்விட்டார். சிகாகோவில் வேலை என்றார். ஏப்ரலில் வக்கீல் கடிதம் வந்தது. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. "உன்கூட இருக்கறதும் தனியா இருக்கறதும் எனக்கு ஒன்னுதான்" என்றார்.

லோகுவுக்குத் தாலி ஏறட்டும், பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். என்னால் அவள் கல்யாணம் நின்றுவிடக்கூடாது.

அவர் போன பிறகுதான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஆபீசை விட்டு வந்தால் திங்கட்கிழமை காலை வரை என்னோடு பேச ஒருத்தர் கிடையாது. ஓட்டும்போது மட்டும் அது தெரிவதில்லை. ஒவ்வொரு வளைவையும் உங்களுக்கு எப்படி எழுதலாம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவேன். கடலுக்குப் போய் வண்டியை நிறுத்தினால் வேலை முடிந்துவிடும். கட்டிக்கொண்டு போன தயிர்ச்சோற்றை வண்டிக்குள்ளேயே தின்றுவிட்டு, சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிடுவேன். எழுந்தால் கிளம்புகிற நேரம். அங்கே எல்லாரும் இரண்டிரண்டு பேராக நடக்கிறார்கள் அப்பா. நான் ஒருநாள்கூட இறங்கவில்லை. நீங்கள் கேட்டதை எழுத எனக்குத் தெரியாது. நானும் அதைப் பார்க்கவில்லை.

பொய் எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள். தாராபுரத்தில் மட்டும் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள்.

மாசாணி


பொள்ளாச்சி
1.12.1996

கண்ணு மாசாணிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள், "சனிக்கெழமையானா புள்ள அத்தன தூரம் போயி, வண்டிக்குள்ள உக்காந்து தயிர்ச்சோறா திங்குது" என்று சொல்லி அழுதாள். தோசை கருகிப்போயிற்று.

நீ சொன்னதை நான் கேட்கவில்லை. தாராபுரத்துக்கு நானே பஸ் ஏறிப் போய், கிருபாசங்கர் என் மகளை விட்டுப் போய்விட்டான் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறைத்துக் கட்டிக்கொடுத்து, லோகுவும் உன்னைப்போலக் கடிதம் எழுத வேண்டாம். காப்பி கொடுத்தார்கள். "ஊட்ல கலந்துக்கிட்டுச் சொல்றமுங்க" என்றார்கள். இரண்டு வாரமாயிற்று. ஒரு தகவலும் இல்லை.

லோகுவிடம் கேட்டேன். "அக்காளை மறச்சு வெச்சுத்தான் எனக்குக் கல்யாணம்னா அந்தக் கல்யாணமே வேண்டாமுங்கப்பா" என்றாள். நிச்சயத்துக்கு எடுத்த சேலையை அவ்வப்போது எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறாள். அதையும் உன்னிடம் மறைக்காமல் எழுதுகிறேன். நமக்குள் இனி மறைப்பது வேண்டாம்.

நீ தையில் வா. கல்யாணம் இருந்தாலும் வா, இல்லாவிட்டாலும் வா. நாலு பேர் நாலு விதமாகப் பேசட்டும், எட்டுப் பேர் பேசட்டும். பீளமேடு ஏர்போர்ட்டில் நான் நிற்பேன்.

இரண்டு நாள் நன்றாகத் தூங்கு. மூன்றாம் நாள் விடிந்ததும் கோபாலசாமி மகனுடைய அம்பாசடரை வாங்கிக்கொண்டு, பாலக்காடு, பட்டாம்பி வழியாகப் பொன்னானிக்குப் போவோம். மூன்றரை மணி நேரம் ஆகும். அங்கேயும் கடல்தான். அம்மாவும் லோகுவும் பின்னால் உட்காருவார்கள். வண்டியை நிறுத்தியதும் நான் தூங்க மாட்டேன், உன்னையும் தூங்க விட மாட்டேன். எல்லாரும் இறங்குவோம்.

திரும்பும்போது சாவி உன் கையில். போகும்போது மட்டும் நான் ஓட்டுகிறேன். நீ பக்கத்து சீட்டில் உட்கார். ரோட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் கண்ணு, நீ கடலைப் பார்த்துச் சொல்.

அப்பா
பாலுசாமி