முதல் தம்ளர்

மார்ச் 3
இடைவழி விமான நிலையம்

என் அன்புள்ளவளுக்கு,

வரிசை போட்டுக்கொண்டால்தான் எனக்கு எழுத வரும். ஆகவே:

1. பயணம்.
2. மருந்து.
3. இந்தத் தொண்டுப் பணிக்கும் அந்தப் பழைய சம்பவத்துக்கும் தொடர்பில்லை என்பது.

முதலாவது: அடுத்த விமானத்துக்கு ஐந்து மணி நேரம் இருக்கிறது. விமானம் ஏறும் வாசலின் எண்ணை நான்கு முறை சரிபார்த்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண், "தாத்தா, அது எங்கேயும் ஓடிப்போயிடாது" என்றாள்.

இரண்டாவது: ரத்த அழுத்த மாத்திரைகள் கைப்பையில் பத்திரமாக உள்ளன.

மூன்றாவது: நான் போகும் அகதி முகாம் மருத்துவமனையில் குடிநீரைச் சோதிக்க ஆள் இல்லை. முப்பத்தொரு வருடம் அதையே செய்தவன் நான். அவ்வளவுதான்.

நீ வழியனுப்ப வீட்டு வாசலுக்குக்கூட வரவில்லை. கோபமா என்று கேட்கவும் தயக்கமாக இருக்கிறது.

உன்னவன்

மார்ச் 12

உங்களுக்கு,

உங்களை மாதிரி எனக்கு எழுத வராது. பேசுற மாதிரியே எழுதறேன்.

கோபம்தான். மூக்குக் கண்ணாடியோட உறை இங்கேதான் கிடக்கு. நாலு தடவை சரிபார்த்த லட்சணம்!

மூணாவதுன்னு எழுதியிருக்கீங்களே, அதை யாருக்குச் சொல்றீங்க? உங்க ஆபீஸ் வழக்கம் எனக்குத் தெரியாதா? தண்ணி நல்லதுன்னு கையெழுத்துப் போடுறவர்தான் எல்லார் முன்னாடியும் முதல் தம்ளர் குடிக்கணும். அந்தப் புதுத் தொட்டித் திறப்பு விழாவுல, மேலதிகாரி கண்ணை உருட்டினார்னு சோதனை முடிவு வர்றதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டுட்டீங்க. தம்ளரை உதடு வரைக்கும் கொண்டுபோனீங்க. எல்லாரும் கைதட்டினப்போ பூந்தொட்டியில ஊத்தினீங்க. நான் பார்த்தேன்.

அந்த வாரம் தெருவே ஆஸ்பத்திரியில கிடந்துச்சு. ஒரு பிள்ளை வீடு திரும்பவே இல்லை. இருபத்தாறு வருஷமா நான் வாயைத் திறக்கலை.

அங்கேயும் எவராவது கண்ணை உருட்டுவாங்க. பயந்து கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா, திரும்பி வந்து என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிடாதீங்க. என்னால முடியாது.

மாத்திரையை ஒழுங்காப் போடுங்க.

வீட்டில் இருப்பவள்

மார்ச் 24

அன்புள்ளவளுக்கு,

நீ பார்த்திருக்கிறாய் என்ற வரியை நான்கு முறை படித்தேன். அன்று கூட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை என்றே இத்தனை காலம் நம்பியிருந்தேன்.

நேற்று நடந்ததைச் சொல்லவேண்டும். நோயாளிக் குழந்தைகள் நாற்பது பேரை ஒழுகும் கூடாரங்களிலிருந்து புதிய கட்டடத்துக்கு மாற்ற இருந்தார்கள். அங்குள்ள தொட்டி நீரை, சோதனை மருந்து போட்ட மூன்று குப்பிகளில் எடுத்து வைத்திருந்தேன். கிருமி இருந்தால் நீர் கறுத்துவிடும். ஒரு குப்பி கறுத்திருந்தது.

நிர்வாகி பேனாவை என் கையில் திணித்தார்.

"ஒண்ணுதானே பெரியவரே! குப்பி அழுக்கா இருந்திருக்கும். கையெழுத்தைப் போடுங்க, வண்டி காத்திட்டிருக்கு."

குப்பியைக் கழுவியவன் நான். சரியாகத்தான் கழுவினேனா என்று அந்த நேரத்திலும் எனக்குச் சந்தேகம். என்றாலும் குழாயில் ஒரு தம்ளர் பிடித்து அவரிடம் நீட்டினேன். அவசரத்தில் பாதி அவர் சட்டையில் சிந்திவிட்டது.

"எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம் சார். முதல் தம்ளரை இன்னிக்கு எனக்குப் பதிலா நீங்க குடிச்சிடுங்க. நான் போட்டுடறேன்."

அவர் தம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாளைக்கே உங்களை ஊருக்கு அனுப்பிடுவேன்" என்றார். தம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

குழந்தைகள் இன்னும் கூடாரத்தில்தான் இருக்கிறார்கள். இரவெல்லாம் மழை, அவர்கள் இருமுவது இங்கே கேட்கிறது. நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. புதுக் குப்பிகளில் மறுபடி நீர் எடுத்து வைத்திருக்கிறேன். முடிவு நாளைதான் தெரியும். அதுவரை இங்கே இருக்க விடுவார்களா, அதுவும் தெரியவில்லை.

திரும்பி வந்தால் உன் எதிரில் உட்காரலாமா என்பதை நீதான் சொல்லவேண்டும்.

என் முதல் கடிதத்தை நீ பத்திரமாக வைத்திருப்பாய். அதில் மூன்றாவதை மட்டும் பேனாவால் அடித்துவிடு. அது தவறு.

உன்னவன்