பீடி குடிக்க ஓர் இடம்

கோபமும் பிரியமும் குறையாத அத்தானுக்கு,

நீங்கள் இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. நீங்கள் வெடிமருந்து கலந்த அதே பட்டாசு ஆலைக்குத்தான் அக்கா இப்போது பேக்கிங் வேலைக்கு வருகிறாள். நானும் அங்கேதான், பாதுகாப்பு சூப்பர்வைசர். பாலிடெக்னிக்கில் கெமிக்கல் படித்தவன் என்று கொடுத்தார்கள். "ஒனக்குப் படிச்ச திமிரு" என்பீர்களே, அந்தத் திமிருக்கு இப்போது சம்பளம் தருகிறார்கள்.

நாம் முடிக்காமல் விட்ட சண்டை ஒன்று இருக்கிறது. பட்ஜெட்டில் சிகரெட்டுக்கு வரி ஏறும்போதெல்லாம் போட்ட சண்டை. நல்லது, ஏறட்டும் என்பேன் நான். நீங்கள் விடமாட்டீர்கள்.

"ஏலே, கேட்டுல தீப்பெட்டியவும் சிகரெட்டவும் வாங்கி வைக்கான், குடுத்துட்டுப் போறேன். உள்ள நான் பத்த வச்சா நாப்பது பேரு போவான். அது நியாயம். வீட்டு வாசல்ல வச்சுக் குடிச்சா எவன்லே வெடிக்கான்? அதுக்கு எதுக்கு வரி?"

இன்றைக்கு அக்காவைப் பார்த்தால் பதில் தெரியும்.

ஆனால் ஒன்றில் நீங்கள் சொன்னது சரி. விலை ஏறியபோது நீங்கள் புகையை விடவில்லை, பீடிக்கு மாறினீர்கள். பீடிக்கு வரி அவ்வளவாக இல்லை. ஒரு குழாயை அடைத்துவிட்டு அடுத்த குழாயைத் திறந்து வைத்தவனை என்ன சொல்வது? அதற்காக வரியே தப்பு என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். லோடு ஏற்றுகிற என் வயதுக்காரர்கள் இரண்டு பேர் விலையைப் பார்த்தே பழகாமல் இருக்கிறார்கள்.

போன அக்டோபரில், பொது இடத்தில் யாரும் புகைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. ஆலைக்கு வெளியே ரோட்டோர டீக்கடையில் நானே போர்டு எழுதி மாட்டினேன். "யாவாரம் படுத்துரும் தம்பி" என்றார் கடைக்காரர். "படுக்கட்டும்" என்றேன். பத்தே நாளில் கடைக்குள் புகை இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம், கை கழுவக் கடையின் பின்பக்கம் போனேன். ஐந்து பேர் குத்தவைத்துப் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் தார்ப்பாய் மூடிய வேன், உள்ளே முழு லோடு பட்டாசு. டிரைவர் முன்பக்கம் டீ குடிக்கிறார். அந்த ஐந்து பேரில் உங்களோடு மருந்து அறையில் ஜோடியாக நின்ற மாரியப்பண்ணனும் ஒருவர். அவர் சட்டைக் கையில் அலுமினியத் தூள் மினுங்கியது.

கத்தினேன். கெட்ட வார்த்தையும் வந்துவிட்டது. அவர் பீடியை மண்ணில் தேய்த்து அணைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"பட்டாசு ஆபீசுக்குள்ள கூடாதுன்னீக, சரி. கடைக்குள்ள கூடாதுன்னு போர்டு மாட்டுனீக, அதுவும் சரி. பஸ்சுல கூடாது. வீட்ல பொண்டாட்டி விடல. நீங்களே சொல்லுங்க தம்பி, எங்கிட்டு வச்சுக் குடிக்க?"

"குடிக்காம இருங்கண்ணே."

"ஒங்க அத்தான்கிட்ட சொல்லிப் பாத்தீகளா?"

மதுரை ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், தொண்டைப் புற்றுநோயில் குரல் போன பிறகு, இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டினீர்கள். நான் முடியாது என்று தலையாட்டினேன். டாக்டரே கைவிட்ட பிறகு அதை யாருடைய நன்மைக்காக மறுத்தேன், அத்தான்?

நான் படித்த படிப்பின் சாரம் இவ்வளவுதான்: மருந்தும் நெருப்பும் சேரக் கூடாது. ஒரு போர்டை மாட்டி நானே சேர்த்து வைத்திருக்கிறேன். கூடாது என்று சொன்னவன், வேறு எங்கே என்றும் சொல்லியிருக்க வேண்டும். முதலாளியிடம் கேட்டு, ஆலைக்கும் ரோட்டுக்கும் எட்டத்தில் ஒரு கட்டாந்தரையைச் சுத்தம் செய்தேன். மணல் வாளி, தண்ணீர்த் தொட்டி வைத்தேன். வேலை முடிந்து, குளித்து, துணி மாற்றியவர்கள் மட்டும் அங்கே போகலாம்.

அக்காவுக்குச் செய்தி போனது. "அவுகளுக்குக் கொள்ளி வச்ச கையால இன்னும் அம்புட்டுப் பேருக்கும் எடம் போட்டுக் குடுக்கியாலே?" என்றாள். அதோடு பேச்சு நின்றது.

நாலாம் நாள் அவளே அந்த இடத்தைப் பார்க்க வந்தாள். மணலைப் பார்த்தாள். நான் போட்டிருந்த பெஞ்சையும், கொட்டகைக்காக நட்டிருந்த நாலு கம்பையும் பார்த்தாள்.

"வேன் பக்கத்துல குடிக்கதுக்கு இங்கன குடிக்கட்டும். ஆனா பெஞ்ச எடு, கம்பப் பிடுங்கு. வெயில்ல நின்னு குடிக்கட்டும். ஒக்காந்தா ரெண்டாவது பத்த வைப்பாக. எனக்குத் தெரியாதா?"

எடுத்துவிட்டேன்.

இப்போது சித்திரை. சாயங்காலம் ஐந்து மணிக்கும் தரை சுடுகிறது. பலர் பாதிப் பீடியோடு திரும்பிவிடுகிறார்கள். "ஒங்க அக்கா எங்கள உசுரோட வறுக்காக" என்கிறார் மாரியப்பண்ணன். அவரும் இன்னும் சிலரும் கூரை கேட்டுக் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்திருக்கிறார்கள். முதலாளி என்னிடம் கருத்து கேட்கிறார். கூரை போடு, இல்லாவிட்டால் தொல்லையே வேண்டாம், மூடிவிடு என்கிறார்.

நாளைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே இருக்கிறவரை அந்த இடத்துக்குக் கூரை போடமாட்டேன். அதை மூடவும் விடமாட்டேன்.

அக்காவைப் பார்த்துக்கொள்கிற
உங்கள் மச்சினன்
கண்ணன்