‘என்றென்றும்’ என்ற சொல்லுக்குக் கீழே

இல்லை, அச்சகத்துக்கு இன்னும் சரி சொல்லவில்லை. உன் முதலாண்டு நினைவஞ்சலி அட்டையின் மாதிரித் தாள் மேசைமேல் இருக்கிறது. அச்சு மை வாசம் போகவில்லை. உன் படம். அதன்கீழ், ‘என்றென்றும் நீங்கா நினைவில்’. அதற்கும் கீழே உன் வீட்டார் பெயர்கள். கடைசியில் என் பெயர்.

“நீயும் ஊட்டுப் புள்ளதானே அம்மிணி. தமிழு படிச்சவ, பாத்துட்டுச் சொல்லீரு. மூணு மணிக்கு மிசின்ல ஏத்தீருவாங்க” என்றார் உன் வீட்டுக்காரர்.

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

அன்றொரு நாள், நம் கம்பெனியிலிருந்து உள்ளூர்க் கடைகளுக்குப் போகவிருந்த கறுப்பு டி-சர்ட்டுகள். டேக்கில் ‘நிரந்தரக் கறுப்பு’ என்று எழுதிக் கொடுத்தது நான். செக்கிங் மேசையில் நீ ஒரு வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்தாய். துணி சாம்பல் நிறமானது.

“ஏனுங்க மேடம், உங்க நிரந்தரம் இந்தத் துணிக்கு வந்துருச்சுங்களே!”

மேசையே சிரித்தது. மாலைவரை இருவரும் உட்கார்ந்து டேக்குகளை வெட்டி எடுத்தோம். புது வாசகம் நீ சொன்னதுதான்: “மொதத் தடவ தனியாத் தொவைக்கச் சொல்லுங்க. அது போதும்.”

நிரந்தரம் என்றால் முடிவில்லாதது என்றே எழுதுகிறோம். இடைவெளி இல்லாதது என்பது பழைய பொருள். வகுப்பில் குறித்துக்கொண்டதோடு சரி. என்றென்றும் என்பதற்குள்ளும் இடைவெளி வரக்கூடாதா? தெரியவில்லை. போன செவ்வாய்க்கிழமை உன்னை நான் நினைக்கவே இல்லை. ஷிப்மென்ட் நாள். புதன் காலை, பல்லடம் பேருந்தில்தான் அது உறைத்தது. ஒரு முழு நாள்.

கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில், “என்னைய மறந்துருவீங்களா?” என்று கேட்டாய். “எப்பவுமே மாட்டேன்” என்றேன். தலையாட்டினாய். எதையும் தேய்த்துப் பார்க்காமல் விடாதவள், அதை மட்டும் ஏன் அப்படியே வாங்கிக்கொண்டாய்? நம்பினாயா? போகட்டும் என்று என்னை விட்டுவிட்டாயா? அந்தத் தலையாட்டலோடு இப்போது ஒரு செவ்வாய்க்கிழமையையும் சேர்த்துச் சுமக்கிறேன்.

அந்தச் சொல்லை எடுத்துவிடலாமா என்று உன் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

“அதில்லாட்டி அட்ட வெறிச்சுனு இருக்குமே அம்மிணி.” பிறகு, “எனக்கு அது வேணும்” என்றார்.

அவருக்கு அது பொய்யில்லை. எனக்கு என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

இரண்டரை மணிக்குப் பேனாவை எடுத்தேன். ‘என்றென்றும்’ என்பதைத் தொடவில்லை. என் பெயரை அடித்தேன். தாளைப் படமெடுத்து அச்சகத்துக்கு அனுப்பினேன்.